மிதந்த நாத்து சொன்ன நேரம்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, புரட்டாசி மாசம். தஞ்சாவூருக்குக் கிழக்கால வெண்ணாத்தங்கரையில எங்க ஊரு. சம்பா நடவு நடந்துக்கிட்டிருந்துச்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நான் சொல்லச் சொல்ல எம் மருமக எழுதுறா. அழகு பண்றேன்னு ஒரு வார்த்தையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லித்தான் உக்கார வச்சிருக்கேன்.

இப்பல்லாம் மிஷின்தான் நடுது. நல்லதுதான், எங்க இடுப்பு பொழைச்சுது. ஆனா மிஷின் திரும்ப முடியாத மூலை, முழங்கால் வரைக்கும் பொதையிற பள்ளம், இதெல்லாம் இன்னமும் கைநடவுதான். அதுக்கு எங்களக் கூப்புடுவாங்க. ஏழு பொம்பளைங்க. எனக்குப் பக்கத்துல எப்பவும் எங்க நாத்தனா நிப்பா, எம் புருஷனோட தங்கச்சி. அவ நடுறதவிட நான் நட்டதப் பாக்குறதுதான் அதிகம். "அண்ணி, இது என்ன, நடவா, பாம்பு ஊந்த தடமா?"ம்பா. நாப்பது வருஷமா இதே பேச்சு. அவ வாய்க்குப் பயந்தேதான் நான் நேரா நடவே கத்துக்கிட்டேன். இத அவகிட்ட யாரும் சொல்லிடாதீங்க.

அன்னிக்கு டீ வந்துச்சு, கூடவே மெதுவடை. டீ வந்த நேரத்துல வயக்காரர், "எம் போன்ல சார்ஜ் இல்ல, உன் போனக் குடும்மா"ன்னு நாத்தனா போன வாங்கி, இன்னும் நாத்து அனுப்பச் சொல்லி லோடு ஆட்டோக்காரருக்குப் பேசுனாரு. நான் என் வடையத் தின்னுட்டு, நாத்தனா அந்தப் பேச்சக் கேட்டுக்கிட்டு நின்னப்ப அவ வடையையும் எடுத்துத் தின்னுட்டேன். அப்புறம் வயல்ல இறங்கிட்டோம்.

நாத்துக் கட்ட நாங்க 'முடி'ம்போம். அத இடது கையில வச்சுக்கிட்டு, வலது கை விரலால மூணு நாலு நாத்தப் பிரிச்சு சேத்துல ஊனணும். கண்ணு பாக்கவே வேணாம், கை தானா செய்யும். அன்னிக்கு மூணாவது முடியப் பிரிக்கிறப்ப விரலு சொன்னபடி கேக்கல. மூணு நாத்து எடுத்தா பத்து வருது. திரும்ப எடுத்தா ஒண்ணுமே வரல. ஊனுனோம்னு நெனச்சு கைய எடுத்தா நாத்து மேல வந்து மிதக்குது. குளுந்த தண்ணியில நின்னு மரத்துப் போச்சுன்னு நெனச்சு, கையச் சேலையில தேச்சுக்கிட்டு மறுபடி குனிஞ்சேன்.

"அண்ணி, நாத்து நடுறீங்களா, மீனு வளக்குறீங்களா? அத்தனையும் மிதக்குது பாருங்க!"

திருப்பிக் குடுக்கணும்னு வாயத் தொறந்தேன். வாய் நெறைய வெத்தல வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி கொழகொழன்னு வந்துச்சு. அவ என் மூஞ்சியப் பாத்தா. கையில இருந்த முடியத் தூக்கி எறிஞ்சுட்டு, "நூத்தியெட்டுக்குப் போடுங்கடி!"ன்னு கத்துன கத்தல்ல கொக்கெல்லாம் பறந்து போச்சு.

ஆம்புலன்ஸு அந்தக் குறுகலான வயக்காட்டுப் பாதையில வராதே. நாத்து ஏத்திக்கிட்டு வந்த லோடு ஆட்டோவுல, நாத்தோட நாத்தா என்னையும் ஏத்தி ரோட்டுக்குக் கொண்டாந்தாங்க. நூத்தியெட்டுல ஏறி கொஞ்ச நேரத்துல பேச்சு நல்லா வந்துருச்சு. கையத் தூக்க முடிஞ்சுது. விரல் மட்டும்தான் வேற யாரோட விரல் மாதிரியே இருந்துச்சு. எனக்கு அங்க பாதி வயல் அப்படியே கெடக்கேன்னு கவல. நடவு போட்ட வயல பாதியில விட்டுட்டு நான் என்னிக்குமே கரையேறுனது இல்ல.

அங்கதாங்க நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணுனேன். எங்க பக்கத்துல ஒரு கணக்கு உண்டு. புதுசா வந்த நோவுன்னா ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுருவாங்க. ரொம்ப நாளா இருக்குன்னு சொன்னா மாத்திரயக் குடுத்து அனுப்பிருவாங்க. அதனால தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில, டாக்டரம்மா "பாட்டி, இது எப்ப ஆரம்பிச்சுச்சு?"ன்னு கேட்டதும், கூசாம சொன்னேன்: "காலையில எந்திரிக்கிறப்பவே இப்படித்தாம்மா இருந்துச்சு. நேத்துகூட லேசா இருந்துச்சு."

அப்ப நாத்தனா பக்கத்துல இல்ல. சீட்டு போடப் போயிருந்தா.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு, காதுல சின்னதா ஒரு வெள்ளக்கல்லுத் தோடு, நல்லா இருந்துச்சு. கையத் தூக்குங்க, காலத் தூக்குங்க, சிரிங்கன்னாங்க. எல்லாத்துக்கும் மார்க் போடுவாங்களாம். இதுல மார்க் கம்மியா இருந்தாத்தான் நல்லதாம். பள்ளிக்கூடத்து வாசல மிதிக்காத எனக்குத் தோதான பரிட்சை! தலைக்கு ஸ்கேன் எடுத்தாங்க. ரத்தக்கசிவு இல்ல, மூளைக்குப் போற குழாயில எங்கயோ சின்னதா ரத்தம் கட்டியிருக்குன்னாங்க. "சின்ன ஸ்ட்ரோக்குதான் பாட்டி. கட்டியக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. ஆனா அத, நோவு ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். உங்களுக்கு நேத்தே ஆரம்பிச்சுட்டதால போட முடியாது. மாத்திரதான்"னாங்க.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். நாளைக்கு நடவுக்குப் போயிரலாம்!

அந்த நேரம் பாத்து உள்ள வந்தா நாத்தனா. "நேத்தே"ங்கிறது மட்டும் அவ காதுல விழுந்துருச்சு.

"யாருக்கு நேத்து? டாக்டரம்மா, இவங்க வாயத் தொறந்தா பொய்யி! டீ வர்ற வரைக்கும் இவங்க கை நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கையாலதான் என் வடையத் திருடித் தின்னாங்க!"

"பாத்தியாடி?"ன்னேன். வாய் தவறி வந்துருச்சு.

"பாக்காம? டீக்கு அப்புறம் ரெண்டு முடி ஒழுங்கா ஊனுனாங்கம்மா. அத்தனையும் நேரா நிக்குது. மூணாவது முடியிலதான் மிதக்க ஆரம்பிச்சுது. நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்!"

"டீ எத்தன மணிக்கு வந்துச்சு?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அவளுக்கும் என்னய மாதிரியே மணி பாக்கத் தெரியாது. மடியில இருந்த போன எடுத்து நீட்டுனா. "டீ வந்தப்ப வயக்காரர் இதுலதான் பேசுனாரு. நீங்களே பாருங்க." டாக்டரம்மா பாத்தாங்க. பத்து நாப்பது. சுவத்துக் கடியாரம் ஒண்ணேகாலுன்னு காட்டுதாம். அந்த நாலரை மணி நேரத்துல இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குக் கிட்ட பாக்கி இருக்காம்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்புனாங்க. கோவிப்பாங்கன்னு நெனச்சேன். என் இடது கையவே பாத்தாங்க. அப்பத்தான் எனக்கே தெரியும், அந்த மூணாவது முடிய நான் இன்னும் விடவே இல்ல. வந்ததும் ஒரு நர்ஸம்மா "தரையெல்லாம் சேறு"ன்னு திட்டுனது இதுக்குத்தான் போல. "பாட்டி, அதுலேந்து மூணு நாத்துப் பிரிச்சு எங்கிட்ட குடுங்க"ன்னாங்க டாக்டரம்மா.

முடியலீங்க. ஒரு தடவ, ரெண்டு தடவ, நாலு தடவ. கொத்தாக் கீழ விழுந்துச்சு. எட்டு வயசுலேந்து செஞ்ச வேல. அப்பத்தான் அழுதேன். அது வரைக்கும் பாதி வயலுக்காகக் கவலப்பட்டவ, இனி எந்த வயலும் இல்லையோன்னு அப்பத்தான் பயந்தேன்.

டாக்டரம்மா பக்கத்துல வந்து உக்காந்து சொன்னாங்க. "லேசான ஸ்ட்ரோக்குக்கு எல்லாருக்கும் இந்த ஊசி வேணாம் பாட்டி, நெறைய பேருக்கு மாத்திரயே போதும். ஆனா உங்க பொழப்பே இந்த விரல்லதான் இருக்கு. மார்க்குல இது சின்னது, உங்களுக்குச் சின்னது இல்ல. ஊசி போட்டா சரியாக வாய்ப்பு இருக்கு. சில பேருக்கு தலையில ரத்தம் கசியவும் செய்யும். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

திருப்பூர்ல இருக்குற எம் மகன் போன்ல, "டாக்டர் சொல்றபடி செய்யிம்மா"ன்னு அழுதான். நான் நாத்தனாவப் பாத்தேன். அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "போட்டுக்கங்க அண்ணி. நீங்க இல்லாட்டி நான் யாரு நட்டதக் குத்தம் சொல்றது?"ன்னா. காயிதத்துல கட்டவிரல் வச்சேன். எனக்குத் தெரிஞ்ச கையெழுத்து அது ஒண்ணுதான்.

ஒரே ஊசிதாங்க, நரம்புல. அம்புட்டுதானான்னு கேட்டேன், அம்புட்டுதான்னாங்க. ஆனா அப்புறம் விட்டாங்களா? நிமிஷத்துக்கு நிமிஷம் பிரஷர் பாக்குறது, கண்ணுல லைட் அடிக்கிறது, தலவலி இருக்கான்னு கேக்குறது. தலவலி நாத்தனா ரூபத்துல வெளிய நிக்குதுன்னேன். நர்ஸம்மா சிரிச்சாங்க. கீழ விழுந்த நாத்தையெல்லாம் பொறுக்கி, ஒரு மக்குல தண்ணி ஊத்தி, ஜன்னல் ஓரமா வச்சதும் அதே நர்ஸம்மாதான்.

சாயங்காலம் சுண்டுவிரல்ல சுள்ளுன்னு ஒரு உசுரு வந்துச்சு. அப்புறம் மோதிர விரல். மறுநாள் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, ரத்தக்கசிவு இல்ல, இனிமே தெனம் மாத்திரன்னு சொன்னாங்க. டாக்டரம்மா அந்த மக்கத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. "பாட்டி, இப்ப பரிட்சை."

பிரிச்சேன். சரியா மூணு நாத்து. டாக்டரம்மா கையில வச்சேன். அந்தப் பொண்ணு அத வாங்கிக்கிட்டு நின்ன நிலைய என்னன்னு சொல்றது, கோயில்ல திருநீறு வாங்குன மாதிரி நின்னுச்சு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும், மிச்ச வயலோட நான் மிதக்க விட்டதையும் அன்னிக்குச் சாயங்காலமே மத்த பொம்பளைங்க ஊனி முடிச்சுட்டாங்களாம். இதுக்கா அந்தப் பொய்யச் சொன்னேன்னு வெக்கமாப் போச்சு. அந்தப் பொய் நின்னுருந்தா ஊசி கெடச்சுருக்காது. இந்தக் கை என்ன ஆயிருக்குமோ, யாரு கண்டா.

இந்த வருஷமும் நடவுக்குப் போனேன். அதே பள்ளம், பக்கத்துல அதே ஆளு. "அண்ணி, கோணலாப் போவுது!"ன்னா. முன்னெல்லாம் சுருக்குனு கோவம் வரும். இப்ப அவ அப்படிச் சொல்றப்பல்லாம், என் விரலு பத்திரமா இருக்கான்னு இன்னும் ஒரு ஜோடி கண்ணு பாத்துக்கிட்டிருக்குங்கிற நிம்மதிதாங்க வருது.