மேலே நாற்பத்து நான்கு, கீழே ஐம்பத்தாறு

கழுத்தைத் தூக்கிக்கொண்டு குனிந்து சைக்கிள் ஓட்டக் கூடாது என்று பதுளை டாக்டர் சொன்ன அன்றே, இடமாற்றப் படிவத்தை வாங்கி நிரப்பிக் கைப்பையில் வைத்துவிட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான். முதலில் காரியத்தைச் செய்துவிடுவேன், யோசனை பின்னால் ஆடி அசைந்து வரும்.

கோபம் டாக்டர் மேல் இல்லை, பாதை மேல். எங்கள் வீடு தெமோதரையில். நான் கணக்குப் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடம் மலைக்கு மேலே. பெரிய ரோட்டால் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையோ கல்லும் சேறும் படிக்கட்டும். ஆறு வருடமாக அதில்தான் மலைச் சைக்கிளில் போய்வந்தேன். ஏற்றத்தில் பாதித் தூரம் தள்ளுவேன், இறக்கத்தில் ராணி மாதிரி வருவேன். அந்தச் சைக்கிளின் கைப்பிடி எட்டாத தூரத்தில், தாழ்வாக இருந்தது. இடது கை விரல்கள் மரத்துப்போனதற்குக் காரணம் அதுதானாம். நிமிர்ந்து உட்கார முடிந்தால் ஓட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். சைக்கிளை விட்டால் பள்ளிக்கூடத்தையும் விட வேண்டும். அந்தப் பிள்ளைகளை விட்டுப்போக எனக்குத் துளியும் மனமில்லை. படிவம் கொடுக்கக் கடைசி நாள், விடுமுறை முடியும் வெள்ளிக்கிழமை.

அதற்குள் எனக்கேற்ற சைக்கிள் ஒன்றைச் சேர்த்துவிடுவது என்று விடுமுறையில் இறங்கினேன். பாவித்த ஃபிரேம் ஒன்று பண்டாரவளையில் கிடைத்தது. சக்கரங்களும் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் பழைய சைக்கிளிலிருந்து வரும். வேண்டியது இரண்டே சாமான்தான். ஃபோர்க், ஃபிரேமுக்குள் லேசாகத் திரும்புவதற்கு மேலும் கீழும் கிண்ணம் கிண்ணமாகப் பொருத்தும் ஹெட்செட் ஒன்று. ஃபோர்க்கின் தலையையும் கைப்பிடியையும் இணைக்கும் ஸ்டெம் ஒன்று, அது குட்டையாக, மேல்நோக்கியதாக இருக்க வேண்டும்.

என் கணவர் தேயிலை ஃபெக்டரியில் இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர். உருளை இயந்திரத்தில் புஷ் என்னும் உள்வளையம் தேய்ந்தால் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். லேத்தில் கடைந்து போட்டுவிடுவார்கள், அதுவும் நேரமில்லையென்றால் தகரத்தைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். ஃபெக்டரி வேலையை என் சைக்கிளில் காட்டக் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். இறக்கத்தில் கைப்பிடி ஆடினால் நான் நேரே பாதையோரக் கானுக்குள்தான். பிறகு பள்ளிக்கூட அடிமட்டத்தால் ஃபிரேமின் வாயை அளந்து, நாற்பத்து நான்கு மில்லிமீற்றர் என்று பதுளை சைக்கிள் கடைக்கார நானாவுக்கு போனில் சொன்னேன். கொழும்பிலிருந்து ஹெட்செட் வந்தது. மேல் கிண்ணம் அச்சொட்டாக உட்கார்ந்தது. கீழ்க் கிண்ணம் எங்கும் பிடிக்காமல் குழாய்க்குள் போய்விட்டது.

கணவர் சிரிக்காமல் கேட்டார்.

"டீச்சரம்மா, கீழ அளந்தீங்களா?"

அளக்கவில்லை. ஒரு பக்கத்தை அளந்துவிட்டு மறுபக்கமும் அப்படித்தான் என்று எழுதும் பிள்ளைக்கு நான் முழுப் புள்ளியையும் வெட்டுவேன். அசடு வழிய, ஃபிரேமையும் ஃபோர்க்கையும் தூக்கிக்கொண்டு பதுளைக்கு ரயில் ஏறினேன்.

நானா காலிப்பரை வைத்து அளந்து பார்த்தார். இந்த ஃபிரேமுக்குக் கீழே ஐம்பத்தாறு. அடியில் பருத்த ஃபோர்க்குக்கென்று செய்த ஃபிரேம் இது. என்னுடையதோ மேலும் கீழும் ஒரே பருமன். கீழ்க் கிண்ணம் கடையிலேயே இருந்தது. அதற்கும் என் ஃபோர்க்குக்கும் இடையில் வரும் வளையம்தான் இல்லை, வர மூன்று வாரம் ஆகும் என்றார். அளவுகளை எழுதக் காகிதம் கேட்டார். பையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தேன். மனம் வெள்ளிக்கிழமையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாமான்களை மேசையில் போட்டேன். மூன்று வாரமாம் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் கிண்ணம், ஃபோர்க், அளவுக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போன பிறகுதான், அது என்ன காகிதம் என்று உறைத்தது. கைப்பையைக் கொட்டிப் பார்த்தேன், இடமாற்றப் படிவம் இல்லை.

பின்னேரம் உருக்கில் கடைந்த வளையம் ஒன்றைக் கையில் வைத்தார். காகிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பொருத்திச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை. என்றாலும் சந்தேகம் போகவில்லை. வியாழக்கிழமை நானாவிடம் கொண்டுபோனேன். அவர் மூன்று இடத்தில் அளந்தார்.

"கொம்பனில செய்யிறதும் இதத்தான் டீச்சர். பயமில்லாம ஓடுங்க."

மூக்குடைபட்டதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான். ஸ்டெம்மையும் அங்கேயே தெரிவு செய்தோம். அதற்கு இரண்டு வாய், ஒன்று ஃபோர்க்கைக் கவ்வ, மற்றது கைப்பிடியைக் கவ்வ. இந்தத் தடவை இரண்டையும் நானே அளந்தேன். நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடம் வரை ஏறினேன். பூட்டிய கேற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். இறக்கம் முழுக்க முதுகு நிமிர்ந்திருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கை காட்டினார்கள், இடது கையைத் தூக்கிப் பதிலுக்குக் காட்டினேன். ஐந்து விரல்களும் உயிரோடு இருந்தன.

பாதை ஃபெக்டரிக்குப் பின்புறமாக இறங்கும். கணவர் கதவடியில் நின்றிருந்தார். முதலில் என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். படிவம் முழுக்கக் கறுப்பு எண்ணெய், என் கையெழுத்துக்கு மேல் அவருடைய பெருவிரல் ரேகை.

"லேத்துல எண்ணெ பட்டுருச்சு. இத இனி ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. வேற வேணும்னா சொல்லு, இப்பவே பஸ் ஏறி வாங்கிட்டு வர்றேன்."

"வேணாங்க" என்றேன். காகிதத்தை வாங்கி மடித்தேன். அவர் உடனே பேச்சை மாற்றி, ஸ்டெம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க் துண்டை வெட்டிவிடட்டுமா, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார். அதைத் தொடக் கூடாது என்று சத்தம் போட்டேன். வெட்டிவிட்டால் பிறகு கைப்பிடியை உயர்த்த முடியாது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கியது. அந்தக் காகிதத்தை, நானாவின் அளவுகள் தெரியும்படி, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மேலே நாற்பத்து நான்கு, கீழே ஐம்பத்தாறு. மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். எண்ணெய் என்றேன்.