சிங்காரியின் இடது காது

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் என் வீட்டுக்குக் கீழே உள்ள கடையின் குளிர்பெட்டியில் அந்த பியர் டின் எப்போதும் இருக்கும். பச்சை நிறம். நடுவில் ஒரு செவலைப் பசுவின் முகம். அதன் கீழே பர்மிய எழுத்தில் 'சிங்காரி' என்ற பெயர். பசுவின் இடது காது நுனியில் முக்கோணமாக ஒரு கிழிசல். வருகிறவர்கள் "ரெண்டு சிங்காரி" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காதைக் கிழித்தது நகரத்துக்கு வெளியே மாவ்பியில் ஒரு முள்வேலி. அந்தப் பசு என் சித்தியுடையது.

சித்தப்பா இறந்த பிறகு மாவ்பியில் பால் விற்றுத்தான் சித்தி குடும்பத்தை நடத்தினார். அவருடைய கொட்டகைக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பழைய நெல் கிடங்கு. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இரண்டு பர்மிய நண்பர்கள் அதில் பியர் தயாரிக்கத் தொடங்கினார்கள். சாறெடுத்த பிறகு பார்லிச் சக்கை குவியலாக மிஞ்சும். இந்த ஊர் வெயிலில் ஒரே பகலில் புளித்து நாறும். அதை அவர்கள் வாய்க்காலில் கொட்டினார்கள். தெருவே திரண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனது. கிடங்கைப் பூட்டச் சொல்லப்போகிறார்கள் என்ற நேரத்தில் சித்தி குறுக்கே புகுந்து, சக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் முதல் சைக்கா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் நீல டிரம்களை ஏற்றிப் போய், ஆவி பறக்கும் சக்கையை அள்ளி வந்து மாடுகளுக்கு வைத்தார். தெருவில் நாற்றம் நின்றது, கொட்டகையில் பால் கூடியது. "என் மாடெல்லாம் இப்ப பியர் கம்பெனி ஆளுங்க. சம்பளம் கெடையாது, சாப்பாடு மட்டும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சிங்காரிக்கு டிரம் வரும்வரை பொறுக்காது. கயிற்றை இழுத்துக்கொண்டு போய்க் கிடங்கு வாசலில் தலையை நீட்டும். அந்த நண்பர்கள் அதைப் படமெடுத்தார்கள், ஒரு பியருக்கு அதன் பெயரை வைத்தார்கள். அப்போது யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் விளையாட்டு அது. இனிமேல் சிங்காரி என்றால் எதைக் கறப்பது, மாட்டையா டின்னையா என்று கேட்டு சித்தி அவர்களைக் கேலி செய்தார்.

அந்த பியர் நகரத்தில் பிடித்துப்போனது. முதலீட்டாளர்கள் வந்தார்கள். கம்பெனி லைங் தாயாவுக்குப் போனது, தையல் ஆலைகளுக்கு நடுவே, உயரமான எஃகுத் தொட்டிகளோடு. சக்கை லாரியில் வந்து சேரும் என்று நண்பர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அதை நம்பி சித்தி புல்லுக்குக் குத்தகை எடுத்திருந்த நிலத்தை விட்டுவிட்டார். லாரி சில வாரங்கள் வந்தது, பிறகு நின்றது. சக்கை முழுவதையும் தீவன ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு விற்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்க முடியாதபடி தொலைபேசியை எடுக்கவில்லை.

சித்தி பஸ் பிடித்து லைங் தாயாவுக்குப் போனார். காவலாளி உள்ளே விடவில்லை. நெடுநேரம் கழித்து விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் வந்து, பசு முகம் அச்சிட்ட பனியன் ஒன்றைக் கையில் கொடுத்தாள். இது என் மாடு, இதற்குத்தான் சக்கை கேட்டு வந்தேன் என்றார் சித்தி. இல்லை அன்ட்டி, இது ஓவியர் வரைந்த கற்பனை மாடு என்றாள் அவள். சித்தி அந்தக் காதில் விரலை வைத்துப் பர்மிய மொழியில் கேட்ட கேள்வியை என்னிடம் தமிழில் சொன்னார்:

"கற்பனைக்கு யாரும்மா காதைக் கிழிச்சது?"

பனியனை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்குச் சில நாள் கழித்து, நான் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பத்திரிகையில் கம்பெனியின் விரிவாக்கச் செய்திக் குறிப்பு என் மேசைக்கு வந்தது. தங்கள் தானியச் சக்கை இன்றும் மாவ்பி மாடுகளுக்கே போவதாக அதில் ஒரு வரி இருந்தது. நான் கம்பெனியைத் தொலைபேசியில் அழைத்து, எந்த மாடு, யாருடைய மாடு என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னவர் திரும்ப அழைக்கவில்லை. பொய்யை அச்சிட முடியாது என்று அந்த வரியை அடித்தேன். மறுநாள் அதே வரி முழுப்பக்க விளம்பரமாக எங்கள் பத்திரிகையிலேயே வந்தது. ஒரு வரியைச் செய்தியாக விடக் கூடாது என்று தடுக்க எனக்கு அதிகாரம் உண்டு, விளம்பரமாக விலைக்கு வாங்குகிறவனைத் தடுக்க இல்லை. இத்தனை வருட வேலையில் அன்றைக்குத்தான் என் நாற்காலி எவ்வளவு சிறியது என்று தெரிந்தது. ஒரு பெண் அள்ளிச் சென்ற சக்கையால் பூட்டிலிருந்து தப்பியவர்கள், அந்த மாட்டின் முகத்தை வைத்துக்கொண்டு மாட்டைப் பட்டினி போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வளர்ச்சி.

தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் விலா எலும்பு தெரிய சிங்காரி நின்றது. எங்கே கொண்டுபோகிறாய் என்று சித்தி கேட்டபோது, மாட்டுத் தரகன் சாலையைப் பார்த்தான்.

போன மாதம் சித்தி என் வீட்டில் வந்து தங்கினார். தேநீருக்குப் பால் பவுடர் வாங்க இருவரும் கீழே இறங்கினோம். குளிர்பெட்டி முன்னால் நின்றவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு டின்னை எடுத்துத் திருப்பினார். அன்ட்டிக்கு இப்போதெல்லாம் இதுதானா என்று கடைக்காரர் சீண்டினார். சித்தி டின்னில் முத்துமுத்தாக வேர்த்திருந்த ஈரத்தைக் கட்டைவிரலால் துடைத்து, அந்தக் கிழிந்த காதைத் தடவினார்.

"இது மட்டும் மெலியவே இல்ல, பாரு" என்றார். டின்னை இருந்த இடத்திலேயே வைத்து, குளிர்பெட்டியைச் சாத்தினார்.