புகை குடித்த நந்தியாவட்டை

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் பொன்னி தோட்ட வேலை பார்க்கிறாள். புருஷன் போன பிறகு சோறு போடுவது அந்த வேலைதான். வாசலில் வைத்த சீமைச் செடிகள் இரண்டு தடவையும் புகையில் கருகிப்போயின. சூப்பர்வைசர் பன்னீர்செல்வம் எரிந்து விழுந்தார்.

“இந்த வாட்டியும் செத்துச்சுன்னா தோட்டமே வாணாம், கல்லு பதிச்சிடுவேன். அப்புறம் உனக்கு இங்க இன்னா வேல?”

“நம்மூரு செடி வெச்சிப் பாக்கலாம் சார். நந்தியாவட்டை, இட்லிப்பூ. ரோட்டோரத்துல லாரிப் புகைய குடிச்சிகினு பச்சையாதான நிக்குது?”

நட்ட அன்றே பொன்னி வேண்டிக்கொண்டாள். பெருமாளே, இது பிழைத்தால் முதல் பூவில் உனக்குத்தான் மாலை.

பிழைத்தது. மழைக்காலம் முடிந்ததும் நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்தது. தூரத்திலிருந்து பார்க்கத்தான் வெள்ளை. தலைக்குக் குளித்துவிட்டு, கூடையோடு போய் முதல் பூவைக் கிள்ளினாள். விரல் வழுக்கியது. இதழ் மடிப்பெல்லாம் கறுப்பாய் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்தால் மைபோல இழுத்துக்கொண்டு போனது. 

கூட வேலை செய்யும் ரெபேக்காள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். பறித்த பூவில் கொஞ்சத்தை அலச அலசத் தண்ணீர் சாக்கடையானது. பூ கசங்கி, கரித்துணிபோல மிதந்தது. டயர் எரித்த வாடை.

“இன்னாக்கா, பெருமாளுக்குக் கரி அபிஷேகமா?”

“வாய மூடுடி. உங்க மாதா கழுத்துல போடுவியா இத்த?”

“அய்ய! நா மாட்டேம்பா.”

பன்னீர்செல்வம் சிரித்துக்கொண்டே வந்தார். “பூத்திடுச்சு பாத்தியா! ஆபீசுக்குப் போட்டோ அனுப்பிட்டேன். ஒரு சரம் கட்டி நம்ம ஆபீஸ் சாமிப் படத்துக்கும் போடு.”

“தொட்டுப் பாருங்க சார்.”

தொட்டார். முகம் சுளித்து விரலை பேன்ட்டில் தேய்த்துக்கொண்டார். “படம்தானே, அது இன்னா கேக்கப் போவுது? போடு.”

பொன்னி கூடையைக் குப்பையில் கவிழ்த்தாள்.

சாயங்காலம் வெறுங்கையோடு கோயிலுக்குப் போனாள். கடைப் பூ வாங்க மனசு வரவில்லை. நேர்ந்துகொண்டது அது இல்லையே. கோபுர வாசலில் தும்மல் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தவள் துணியைப் பார்த்தாள். அதே கறுப்பு. அதே பிசுக்கு. உடம்பெல்லாம் கூசியது. வெளிக் குழாயில் முகத்தையும் முந்தானையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கறை போகவில்லை.

சன்னிதியில் கண்ணை மூடினாள். “பூ கொண்டாரல சாமி. அந்த அசிங்கம் உன்மேல பட வாணாம். புகைய தாங்கும்னு நாந்தான் அந்தச் செடிய வெச்சேன். நானும் அத்தத்தான் முழுங்கிகினு கீறேன்னு இன்னிக்குத்தான் தெரியுது. நாளைக்கும் அங்கதான் போவணும்.”

“கைய நீட்டும்மா” என்றார் பட்டர்.

தீர்த்தம் வாங்கிக் குடித்தாள். துளசி மணக்கவில்லை. தொண்டை வரைக்கும் அந்த டயர் வாடைதான் இருந்தது.