நடுத்துறையில் கதைத்தது

கிண்ணியாத் துறையில் 'பாதை' என்றால் ரோட்டு இல்லை. லொறியும் சனமும் ஏறி நிற்கிற தட்டையான மிதவை அது. கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்தால் அக்கரை போகும். அதை இழுத்தவர் ஸைனுலாப்தீன். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஊர் அப்படிச் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டாம் ஆண்டுத் தேர்தலுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய ஐயா வந்தார். அப்போது கோட்டும் தொப்பியும். ஐம்பத்தாறில் வெள்ளை வேட்டியும் நீளச் சட்டையும். அறுபதில் கட்சி மாறி வந்தார், அறுபத்தைந்தில் மந்திரியாகப் பொலிஸ் புடைசூழ வந்தார், எழுபதில் தோற்கப்போவது தெரியாமல் வந்தார். எந்த உடுப்பில் வந்தாலும் மேடையில் சொன்னது ஒன்றுதான்: உங்களுக்குப் பாலம் கட்டித் தருவேன்.

ஊரை உறுத்தியது வேறு. பாதையில் ஏறியதும் பெரிய ஐயா தன் ஆட்களை விட்டுவிட்டு நேரே ஸைனுலாப்தீனுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்பார். நடுத்துறையில் இருவரும் தலை குனிந்து குசுகுசுப்பார்கள். நாட்டை ஆளுகிறவருக்குக் கம்பி இழுக்கிறவரோடு என்ன கதை? பாலம் வந்தால் யாருடைய பிழைப்புப் போகும்? கரையில் நின்ற சனத்துக்கு விடை சுலபமாகக் கிடைத்துவிட்டது.

"ஒண்டுமில்ல, சும்மா கதை" என்பார் ஸைனுலாப்தீன். அப்படிச் சொல்கிறவரை எந்த ஊர் நம்பியிருக்கிறது?

உண்மை இதுதான். பெரிய ஐயாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர் போகும் பயம். முதல் தடவையே ஸைனுலாப்தீனின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "ஆழமா? எனக்கு நீந்தத் தெரியாது. யாருக்கும் சொல்ல வேணாம்" என்று அரைகுறைத் தமிழில் கெஞ்சினார். ஸைனுலாப்தீன் வாக்குக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு தடவையும், "ஐயா, பாலத்த மறந்திராதீங்க" என்று கேட்டதும் அவர்தான். ஐயா கண்ணை மூடியபடி தலையாட்டுவார். அடுத்த தேர்தலில் ஸைனுலாப்தீனின் பெயரையே புதிதாகக் கேட்பார்.

அறுபத்தெட்டு மார்கழியில் ஹிஸ்புல்லாவின் மனைவி றுக்கியாவுக்கு இடுப்புவலி கண்டது. ஹிஸ்புல்லா பக்கத்து வளவுக்காரர். சிறுவயதில் ஸைனுலாப்தீனோடு ஒன்றாய்ப் பள்ளிக்கு ஓதப் போனவர். ஆஸ்பத்திரி அக்கரையில்; காற்றில் பாதை இரண்டு மணி நேரம் அசையவில்லை. அக்கரை சேர்ந்தபோது பிள்ளை வயிற்றிலேயே மௌத்தாகியிருந்தது. ஹிஸ்புல்லா சத்தம் போடவில்லை. "பாலம் இருந்திருந்தா" என்று மட்டும் சொன்னார். அன்று நின்ற சலாம், ஒன்பது வருடம் திரும்பி வரவில்லை. ஊர் பேசியதை ஸைனுலாப்தீன் தாங்கினார். இந்த ஒரு மனிதர் முகத்தைத் திருப்பியதுதான் அவரை வதைத்தது.

எழுபத்தேழில் பெரிய ஐயா மறுபடி வந்தார். கூட்டத்தில் யாரோ, "பாலம் எங்க?" என்று கத்திவிட்டார். ஐயா சிரித்தார். "நான் தரத்தான் இருந்தேன். உங்கள் ஊர் ஆள் ஒருவரே தன் பிழைப்புப் போய்விடும், வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்." பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கூட்டம் முழுவதும் திரும்பி ஸைனுலாப்தீனைப் பார்த்தது.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நேரே ஹிஸ்புல்லாவிடம் போனார்.

"மச்சான், இப்ப அவரக் கூட்டிட்டுப் போகணும். நீங்க எனக்குப் பக்கத்துல நில்லுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல."

ஹிஸ்புல்லா பாதையில் ஏறினார். கம்பிக்கும் ஐயாவுக்கும் நடுவில் நின்றார். நடுத்துறையில் பாதை ஆடியதும் ஒரு கை தடவி வந்து, பிடிக்கிற ஆள் யாரென்றும் பார்க்காமல், ஹிஸ்புல்லாவின் மணிக்கட்டைப் பற்றியது.

"ஆழமா? யாருக்கும் சொல்ல வேணாம்."

ஹிஸ்புல்லா குனிந்து கேட்டார். "பாலம் வேணாம் எண்டு ஆரு உங்களுக்கிட்டக் கேட்ட?"

"ஒருவரும் இல்லை. மேடைக்குச் சொன்னது. கையை விடாதே."

ஐயா அக்கரையில் இறங்கி, சட்டையை நீவிவிட்டு, காரில் ஏறினார்.

திரும்பும்போது பாதையில் இரண்டே பேர். ஹிஸ்புல்லா தன் மணிக்கட்டில் பதிந்த நகத்தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தன வருசமும் இதத்தானா கதைச்ச?"

"ஓம்."

"எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"வாக்குக் குடுத்தனான், மச்சான்."

ஹிஸ்புல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கம்பியைப் பிடித்து அவரோடு சேர்ந்து இழுத்தார்.

கரையில் சனம் காத்து நின்றது. "என்ன கதைச்சாங்க?" ஹிஸ்புல்லா வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார். தண்ணிப் பயம், கைப்பிடி, மேடைப் பொய், எல்லாம். கையையும் நீட்டிக் காட்டினார்.

சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நாட்டையே ஆண்டவருக்கு இந்தத் துறைத் தண்ணீரில் பயமா? பின்னால் நின்ற முத்தலிப் பக்கத்தில் நின்றவரின் காதில் சொன்னார்:

"ஹிஸ்புல்லாவையும் வாங்கிட்டாங்க."

மறுநாள் விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்குப் போகையில் ஹிஸ்புல்லா ஸைனுலாப்தீன் வீட்டுப் படலையடியில் நின்று சலாம் சொன்னார். ஸைனுலாப்தீன் பதில் சொன்னார். பள்ளியில் அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் வேறு யாரும் வந்து நிற்கவில்லை.