குங்குமம் வைத்த போர்ட்

நைனா இறந்த அன்று தம்பி குவைத்தில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து காத்திருந்தான். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தது, லீவு கிடைக்கவில்லை. காலையிலிருந்து போனில் அழுதவன் கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

"எடுக்கறதுக்குள்ள நைனா மூஞ்ச ஒரு தபா காட்டிட்ணா. நேர்ல பாக்கற மாதிரி."

"காட்றண்டா" என்றேன். திருப்பதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் வேறென்ன சொல்வேன்.

நாராயணவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது எங்கள் போன்களில் பேச மட்டும்தான் முடியும், கேமரா கிடையாது. வீட்டில் ஒரு சின்ன லேப்டாப் இருந்தது. தம்பி முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்த பழைய மாடல், அதிலேயே கேமரா கிடையாது. தனியாக வாங்கிய கேமராவை ஒரு யூஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டும், இன்டர்நெட் டாங்கிளை இன்னொன்றில். மொத்தமே இரண்டு போர்ட்தான். இரண்டும் வேலை செய்தால்தான் அவன் நைனாவைப் பார்க்க முடியும்.

உள் அறையில் உட்கார்ந்து டாங்கிளைச் செருகினேன், நெட் வந்தது. கேமராவைச் செருகினேன், வரவில்லை. இரண்டையும் இடம் மாற்றினேன். இப்போது கேமரா வந்தது, நெட் போய்விட்டது. ரீஸ்டார்ட் செய்தேன், டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கேமராவும் நல்லது, டாங்கிளும் நல்லது, இடப்பக்கத்து போர்ட்தான் செத்திருக்கிறது. கடையில் என்றால் இதைக் கண்டுபிடித்ததற்கு வாடிக்கையாளரிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டிருப்பேன்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு அம்மா அரிவாள், தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். லேப்டாப்பையும் விடவில்லை. மூடியில் வைத்தால் போதாதா? பிள்ளை வருகிற வழி இதுதான் என்று, நிலைப்படிக்கு வைப்பது போல அந்தத் துளைக்கும் வைத்திருக்கிறாள். ஈரச் சந்தனம் உள்ளே வழிந்து, குங்குமத்தோடு காய்ந்து, நான்கு தகடுகளில் ஒன்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பூஜைக்குப் பிறகு கேமராவை யாரும் வெளியே எடுக்கவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. வெளியே பந்தலில் அம்மா நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது.

தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். ஊக்கால் சுரண்டினேன். சுரண்டச் சுரண்டச் சிவப்புத் தூள் மடியில் உதிர்ந்தது. கடைசியில் அந்தத் தகடே பெயர்ந்து ஊக்கோடு வந்துவிட்டது. வெளியே மேளச் சத்தம், பாடைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தாய்மாமன் எட்டிப் பார்த்தார். "பக்கத்துல இம்மாம் பெர்ய ஓட்ட கீதே, அதுல சொருவேன்."

அது ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட். பழைய மோடத்துக்கும் பழைய மவுஸுக்கும் ஆனது. அம்மாவின் கை அதில் மட்டும் படவில்லை, புதுசு போலப் பளபளவென்று இருந்தது. அதில் செருக என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு போர்ட்டை இரண்டாக்கித் தரும் ஹப் கடை மேஜையில் கிடந்தது. திருப்பதிக்குப் போய் வருவதற்குள் இருட்டிவிடும்.

ஊர்ப் பெரியவர் வாசலில் வந்து நின்று, முடிந்ததா என்று தெலுங்கில் கேட்டார். "ஏமய்யா, அயிந்தா? பொழுது சாய்றதுக்குள்ள எடுக்கணும்."

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். போனேன். கை அரிசியைப் போட்டது, மனசு போர்ட்டிலேயே இருந்தது. எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுகிற நேரம் அது. நான் போட்டதும் உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

இனி ஒரு வழிதான் இருந்தது. நல்ல போர்ட்டில் கேமராவைச் செருகி நைனாவைப் படம் எடுக்க வேண்டும். பிறகு கேமராவைப் பிடுங்கிவிட்டு அதிலேயே டாங்கிளைச் செருகி அனுப்ப வேண்டும். நேரில் பார்ப்பது போல இருக்காது, ஆனால் முகமாவது போய்ச் சேரும். லேப்டாப்பைப் பந்தலுக்குத் தூக்கி வந்து, கேமராவை மாமாவிடம் கொடுத்து, "கீய எறக்கு மாமா, இன்னும் கொஞ்சம்" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். படம் விழுந்தது. ஓரத்தில் மாமாவின் கட்டைவிரல். இன்னொன்று எடுக்க யாரும் விடவில்லை. டாங்கிளை மாற்றி அனுப்பினேன். பாடையைத் தூக்கும்போது படம் இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

நெருப்புச் சட்டியோடு முன்னால் நடக்கிற மூத்த மகன் திரும்பிப் பார்க்கக் கூடாது. சுடுகாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கொள்ளி வைக்க வேண்டும். சொன்னபடியே செய்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்து முடித்ததும் தம்பி போன் செய்தான்.

"படம் வந்துச்சிணா" என்றான். "நீயாவது நல்லாப் பாத்துக்கினியா?"

"பாத்தண்டா."

அம்மாவும் கேட்டாள், சின்னவன் பார்த்தானா என்று. பார்த்தான் என்றேன். குங்குமத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

நைனாவின் கடைசி முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு அந்தப் படம்தான் வருகிறது, ஓரத்தில் மாமாவின் கட்டைவிரலோடு. தம்பிக்கும் அதேதான் வருமாம். அவன் கடல் தாண்டி இருந்தான். நான் அடுத்த அறையில் இருந்தேன்.