பெட்டியைப் பெட்டியால் பெருக்கியவன்

போன வாரப் பத்தியை ஓர் ஆட்டுப்பட்டியில் உட்கார்ந்துதான் எழுதினேன். 'என்ன சார், எழுத்தில் ஏதோ வாசனை அடிக்கிறதே' என்று ஒரு வாசகர்கூடக் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

ஜவ்வாது மலையில் நான் குடியிருப்பது மல்லிகா என்பவரின் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில். மல்லிகாவும் அவர் கணவர் கோவிந்தனும் சாமை பயிரிடுகிறவர்கள். ஊர் முழுவதுக்குமான விதைச் சாமை மல்லிகா பொறுப்பில்தான் இருக்கிறது. எட்டு மூட்டை. அதில் இரண்டை எலிகள் பிரித்துவிட்டன. மற்றதும் போனால் ஆடியில் முப்பது குடும்பங்களுக்கு விதைக்க ஒன்றும் இருக்காது. 'ஊரு இன்னா சொல்லும்' என்று மல்லிகா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

சும்மா இருக்க வேண்டியதுதானே நான்? இருந்தேனா?

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் அன்சர் பாய் என் நண்பர். ஏதோ கண்காட்சிக்காக அவர் செய்துவைத்த மரப்பெட்டி ஒன்று குடோனில் கிடந்தது. வெளியே தோல், உள்ளே தகரம். எலி பல்லை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். "எடுத்துக்கங்க சார், நாளைக்கே வண்டில ஏத்தி அனுப்ச்சிட்றேன்" என்றார்.

ஆனால் எட்டு மூட்டையும் அதில் பிடிக்குமா?

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான் — மல்லிகாவின் ஆட்டுப்பட்டி. ஆடுகளுக்கு நடுவே நின்று பாயைக் கூப்பிட்டேன்.

"பெட்டி என்ன நீளம், பாய்?"

"நீளமா? தோலுக்கு ஏது சார் நீளம்? ஒரு ஆடு ஒரு மாதிரியாவா கீது? எங்களுக்கு எல்லாம் சதுர அடிதான்."

"சரி, யாரையாவது அளந்து சொல்லச் சொல்லுங்களேன்."

"நா சென்னைல கீறேன், ராத்திரிதான் வருவேன். குடோன் பூட்டிக்கிது. தோல் எவ்ளோ போச்சின்னு சொல்றேன், எழுதிக்கங்க. மேல் பக்கம் பன்னெண்டு சதுர அடி. முன்பக்கம் எட்டு. சைடு ஆறு. அடியில தோல் போடல. மொத்தம் எட்டு ஆடு வாங்கிச்சி."

ஆடுகள் என்னைப் பார்த்தன. நான் போனை வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு, எட்டு, ஆறு. நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்களைப் பெருக்கினால் கொள்ளளவு என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. என் கையிலும் மூன்று எண்கள் இருந்தன. வேறென்ன வேண்டும்? போனில் பெருக்கினேன். ஐந்நூற்று எழுபத்தாறு! பாவம் போன்... 'இது எதுக்குய்யா உனக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்டதா?

"ஐந்நூற்று எழுபத்தாறு கன அடி" என்று அறிவித்தேன். பக்கத்தில் நின்ற கோவிந்தன் வாயைப் பிளந்தார்.

"அது எவ்ளோ பெருசு சார்?"

என் அறை எட்டுக்கு ஒன்பது. உயரம் எட்டு. பெருக்கிப் பார்த்தேன். அதுவும் சரியாக ஐந்நூற்று எழுபத்தாறு!

ஊரே கூடிப் பேசியது. அவ்வளவு பெரிய பெட்டியை வைக்க என் ரூமை விட்டால் வேறு இடமில்லை. ரூம் அளவுக்கு இருக்கிற பெட்டியை ரூமுக்குள் எப்படி நுழைப்பது? வாசல் இரண்டரை அடிதானே? கோவிந்தன்தான் வழி சொன்னார்.

"முன் சுவரு பூரா எடுத்துட்டா, அப்டியே தள்ளிட்லாம். கூரைய தூணு தாங்கிக்கும்."

"அப்போ சார் எங்க இருப்பாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பட்டில எடம் கீது. சிக்னலும் நல்லா கெடைக்கும்."

நான் எப்படி மறுப்பது? கணக்குப் போட்டவனே நான்தானே! ஆறு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மத்தியானத்துக்குள் ஒன்பதடி அகல, எட்டடி உயர மண்சுவர் மண்ணாகிவிட்டது. என் கட்டிலும் நாற்காலியும் ஆடுகளிடம் போய்ச் சேர்ந்தன.

வானாய்வுக்கூடம் இருக்கிற காவலூர் எங்களுக்குப் பக்கம்தான். நட்சத்திரங்களையே கணக்குப் பார்க்கிற ஊருக்கு அருகில் இருந்துகொண்டு இதைச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மாலையில் சந்தையிலிருந்து மல்லிகா திரும்பினார். சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார். கோவிந்தன் என் கணக்கு முழுவதையும் ஒப்பித்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மேல் பக்கம் எவ்ளோன்னு சொன்னாரு பாய்?"

"பன்னிரண்டு சதுர அடி."

உள்ளே போய் ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து விரித்தார். ஆறுக்கு மூன்று.

"இதுவே பதினெட்டு சார். ஒரு ஆளு படுக்கிற பாய வுட மூடி சின்னது. அது எப்டி ரூமாவும்?"

கோவிந்தன் மெதுவாகக் கடப்பாரையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மல்லிகா பிளஸ் டூ வரை படித்தவர். பாயின் மேலேயே உட்கார்ந்து விரலால் காட்டினார். "மேல் பக்கம்னா நீளமும் அகலமும். முன்பக்கம்னா நீளமும் உயரமும். சைடுன்னா அகலமும் உயரமும். மூணையும் பெருக்கிட்டீங்க. அப்போ நீளம் எத்தினி வாட்டி வந்துச்சி?"

"இரண்டு."

"அகலம்?"

"அதுவும் இரண்டு."

உயரத்தை அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பாவம் என்று விட்டிருப்பார்.

"பெட்டிய அந்தப் பெட்டியாலயே பெருக்கி வெச்சிகீறீங்க சார். எத அதாலயே பெருக்குனா ஐந்நூத்தி எழுபத்தாறு?"

இருபத்து நான்கு. இருபத்து நான்கு கன அடி! அதைப் பன்னிரண்டால் வகுத்தால் உயரம் இரண்டு, எட்டால் வகுத்தால் அகலம் மூன்று, ஆறால் வகுத்தால் நீளம் நான்கு. நாலு, மூணு, ரெண்டு... ஒரு பெட்டி. சாய்த்துப் பிடித்தால் என் பழைய வாசலிலேயே நுழைந்திருக்கும்.

மூட்டைக்கு மூன்று கன அடி என்று வைத்தாலும் எட்டு மூட்டைக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் மல்லிகா சிரிக்கவில்லை. "கொட்டிப் பாத்தாதான் சார் தெரியும்" என்று உள்ளே போய்விட்டார். என் கணக்கை நம்ப அவருக்கு இனி என்ன காரணம் இருக்கிறது?

மறுநாள் வண்டி வந்தது. பெட்டியை இரண்டு பேர் இறக்கி, சுவரே இல்லாத என் அறையைத் தாண்டி, மல்லிகாவின் வீட்டுக்குள் சாய்த்துக் கொண்டுபோய் வைத்தார்கள். மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினோம். எலி தின்றது போக மிச்சம் முழுவதும் உள்ளே போய், மேலே ஒரு சாண் இடம் இருந்தது. மூடியைச் சாத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார் மல்லிகா. பல நாட்களுக்குப் பிறகு, "சோறு போடு" என்று கோவிந்தனிடம் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கையில் எண் இருந்தால் பெருக்கத் தோன்றுகிறது. பெருக்கி வந்ததைத் தைரியமாகச் சொன்னால் சுவரை இடிக்க ஆள் வந்துவிடுகிறது. பாயை விரித்துப் பார்க்கத்தான் ஒருவரும் இருப்பதில்லை.

சுவர் இன்னும் எழும்பவில்லை. மழைக்குப் பிறகுதான் மண் குழைக்க முடியுமாம். அதுவரை பட்டிதான்.

நேற்று அங்கிருந்தே பாய்க்கு நன்றி சொல்லக் கூப்பிட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு ரொம்ப வருத்தப்பட்டார்.

"மழ வந்தா இன்னா பண்ணுவீங்க? சுவருக்குப் பதிலா தோல் அடிச்சிட்லாம் சார். எத்தினி சதுர அடி?"

"ஒன்பதுக்கு எட்டு. எழுபத்திரண்டு."

"அவ்ளோதானே? பதினாலு ஆடு இருந்தா போதும்!"

சட்டென்று போனைக் கையால் பொத்தினேன். பட்டியில் என்னோடு தங்கியிருப்பவர்கள், சரியாகப் பதினான்கு பேர்.