ஜீப்பில எனக்கு இடமில்லையாம்

காட்டுப் பூங்கா வாசலில ஒருத்தி பாலைப்பழம் வித்துக்கொண்டிருந்தாள். அந்த இனிச்ச வாசம் மூக்கில ஏறின நேரம்தான் என்ர மகன் சொன்னான்: "அம்மா, ஜீப்பில இடம் காணாது. நீங்கள் இஞ்சயே இருந்துகொண்டு சாப்பாட்டுப் பையளைப் பாருங்கோ."

எனக்கு எட்டு வயதில, எங்கட ஊர் முருங்கனில இருந்து மாட்டு வண்டில் கட்டி இந்தக் காட்டுக்கு வருவம். பாலை மரத்துக்குக் கீழ அடுப்பு மூட்டுவம். பொழுதுபட முன்னம் ஐயா அண்ணன்மாரைக் கூட்டிக்கொண்டு குளத்தடிக்கு யானை பார்க்கப் போவார். நானும் அம்மாவும் சோறு காய்ச்சவேணும். "பொம்பிளையளின்ர வாய்ச் சத்தத்துக்கு யானை வராது" எண்டு சொல்லுவார். கலியாணம் முடிச்ச வருசம் துவங்கி வந்தவ அம்மா. யானையின்ர வாலைக்கூட அவ காணேல்ல.

ஒருமுறை, நானும் வாறன் எண்டு கேட்க நினைச்சிருந்தனான். உதட்டில தேங்காயெண்ணெய் பூசித்தான் பாலைப்பழம் தின்னவேணும். அண்டைக்கு ஆசைப்பட்டு நான் பூசாமல் திண்டிட்டன். வெளிக்கிடேக்க ஐயா பகிடிக்கு "நீயும் வாறியோ?" எண்டு கேட்டார்; பழத்தின்ர பால் ஒட்டி எனக்கு வாய் திறபடேல்ல.

"பார், இவளுக்கு ஆசையே இல்லை" எண்டு சிரிச்சுப்போட்டுப் போனார் ஐயா. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கேல்ல.

மகனுக்கு இதொண்டும் சொல்லேல்ல. ஜீப்பில ஏறி முன் சீற்றில இருந்தன்.

"அம்மா, அது மச்சானின்ர இடம்."

"ஏன், அவருக்குச் சோத்துப் பை பார்க்கத் தெரியாதோ?"

ஏற வந்த மருமகன் சாப்பாட்டுப் பையளை எடுத்துக்கொண்டு வாசலில நிண்டிட்டார். மூண்டு மணித்தியாலம் சுத்தினம். மான் கண்டம், மயில் கண்டம், யானை வரேல்ல.

"இதுக்கோ அம்மா இவ்வளவு கோபம்?" எண்டான் மகன்.

"நாளைக்கும் ஜீப்புக்குச் சொல்லு" எண்டன்.